பாதி எலெக்ட்ரானைக் கண்டீர்களா?

முதலில் ஆளைக் காணோம். அப்புறம் அவர் சொன்ன துகளையும் காணோம்!

ஆளின் பெயர் எட்டோரே மயோரானா. சிசிலித் தீவில் பிறந்த இத்தாலிக்காரர். இயற்பியலில் புலி. 1938 மார்ச்சில் பலேர்மோவிலிருந்து நேப்பிள்ஸுக்குக் கப்பல் ஏறினார். அவ்வளவுதான்... ஆசாமியைக் காணோம்! வயது 31. கடலில் குதித்தாரா, மடத்தில் சேர்ந்தாரா என்று ஊர் பேசியது. 2015-ல் ரோம் அரசு வழக்கறிஞர்கள், 'ஐம்பதுகளில் வெனிசுலாவில் உயிரோடு இருந்திருக்கிறார்' என்று ஃபைலை மூடினார்கள்.

மறைவதற்கு முந்தின வருஷம் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். எலெக்ட்ரானுக்கு பாஸிட்ரான் என்று ஓர் எதிரி உண்டு. இரண்டும் சந்தித்தால் இரண்டும் காலி. 'தனக்குத் தானே எதிரியாக ஒரு துகள் இருந்தால் என்ன?' என்று கேட்டார் மயோரானா. வரவும் செலவும் ஒரே என்ட்ரி என்கிற மாதிரி!

இதற்கு 2001-ல் ஒரு வழி சொன்னார் அலெக்ஸி கிட்டயேவ். ஒருவகை சூப்பர்கண்டக்டர் கம்பி கிடைத்தால், ஓர் எலெக்ட்ரான் பாதி பாதியாகப் பிரிந்து அதன் இரண்டு முனைகளிலும் உட்கார்ந்ததுபோல ஒரு நிலை வரும். குவாண்டம் கம்ப்யூட்டருக்கு இது அல்வா. அதில் தகவல் சின்னத் தொந்தரவுக்கே அழிந்துபோகும். பாதி இங்கே, பாதி அங்கே என்றால், பேங்க் லாக்கருக்கு இரண்டு சாவி மாதிரி. ஒரு முனையை மட்டும் நோண்டி எதையும் அழிக்க முடியாது.

அந்தக் கம்பிக்கு எங்கே போவது? 2010-ல் இரண்டு குழுக்கள் சமையல் குறிப்பு எழுதின. தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய செமிகண்டக்டர் கம்பியை ஒரு சூப்பர்கண்டக்டரோடு ஒட்டவையுங்கள். காந்தப்புலம் கொடுங்கள். விண்வெளியைவிட அதிகமாகக் குளிர வையுங்கள். சூப்பர்கண்டக்டருக்குள் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகத்தான் திரியும். சேர்க்கை தோஷம்! பக்கத்திலிருக்கும் கம்பிக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொள்ளும், அதுவும் வழக்கத்துக்கு மாறான ஜோடிகளாக.

2012-ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் லியோ கௌவன்ஹோவன் குழு இதைச் செய்து பார்த்தது. வோல்டேஜ் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் கிராஃபில் ஒரு சிகரம்! ஆனால், கம்பியில் இருக்கும் கோளாறுகளும் அப்படிச் சிகரம் காட்டக்கூடியவை. புகை தெரிந்தது, சரி... உள்ளே நெருப்பா, ஊதுபத்தியா?

2018-ல் அதே கௌவன்ஹோவன் குழு 'நேச்சர்' இதழில் அடித்துச் சொன்னது: சிகரத்தின் உயரம் தியரி சொன்ன அளவிலேயே கச்சிதமாக நிற்கிறது! மைக்ரோசாஃப்ட் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டிக்கொண்டிருந்த நேரம். கைத்தட்டல் கேட்கவேண்டுமா?

அப்போதுதான் இருவர் கை தூக்கினார்கள். செர்கேய் ஃப்ரோலோவ், வின்சென்ட் மௌரிக். வெளி ஆட்கள் இல்லை. 2012 கட்டுரையில் இவர்கள் பெயரும் உண்டு. "அளந்த எண்கள் எல்லாவற்றையும் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கிராஃபில் சில பகுதிகள் விடுபட்டிருந்தன. அவற்றைச் சேர்த்ததும் சிகரம் அந்த அளவில் நிற்காமல் தாண்டிப் போனது! 2021 மார்ச்சில் கட்டுரை வாபஸ். வேண்டுமென்று ஏமாற்றியதற்கு ஆதாரம் இல்லை, ஆர்வக்கோளாறு என்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னது நிபுணர் குழு.

கதை முடியவில்லை. 2025 பிப்ரவரியில் 'மயோரானா 1' என்று ஒரு சிப்பை அறிவித்தது மைக்ரோசாஃப்ட். கூடவே வந்த நேச்சர் கட்டுரையோடு ஒரு குறிப்பு: இந்த முடிவுகள் மயோரானா இருப்பதற்கான ஆதாரம் ஆகாது! வாக்குவாதம் மறுபடி சூடு பிடித்தது.

மாசக் கடைசியில் கணக்கு டேலி ஆகாதபோது, உதைக்கிற ஒரு வவுச்சரை மட்டும் டிராயருக்குள் தள்ளிவிட நமக்கும் கை அரிக்கும். தள்ளினால் கணக்கு அழகாக உட்காரும். மானேஜரும் தட்டிக்கொடுப்பார். ஆனால், மூன்று வருஷம் கழித்தும் ஆடிட்டர் வருவார் ஸார். அதுவும், நம்மோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடித்தவராகவே இருப்பார்!