டாக்டரைப் பார்த்தும் தீராத அனல்

மே மாதத்து மதுரையில் ஒரு பெண் "உடம்பெல்லாம் அனலா அடிக்குது" என்று சொன்னால் யார் காதில் ஏறும்? ஊரே அப்படித்தான் புலம்பிக்கொண்டிருக்கும். ஆனால் மாதவிடாய் நிற்கிற வயதில் வரும் அனல் கத்திரி வெயிலோடு போய்விடாது. மார்கழி விடியலிலும் நெஞ்சில் கிளம்பிக் கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும். சில நிமிடம் கொதித்து, வேர்த்து ஊற்றி, பிறகு லேசாகக் குளிரெடுக்கும். ராத்திரியில் நாலைந்து தடவை இப்படி எழுப்பிவிட்டால் மறுநாள் அடுப்படியிலோ ஆபீசிலோ நிதானம் எங்கிருந்து வரும்?

இதற்காக மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்து, மாலை நேர கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. "இந்த வயசுல இதெல்லாம் இருக்கும்மா" என்று ஒரு கால்சியம், ஒரு சத்து மாத்திரை, தூக்கத்துக்கு ஒன்று. சில இடங்களில் இதற்கு நேர்மாறு: ஹார்மோன் பேக்கேஜ் என்று ஒரு கட்டு ரத்தப் பரிசோதனை, கடைசியில் "எல்லாம் வயசுக்கேத்த மாதிரிதான் இருக்கு" என்ற பதில். எப்படிப் பார்த்தாலும் பணம் போனதுதான் மிச்சம். இந்த ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால், அடுத்த முறை எதைக் கேட்பது என்பதும் புரியும்.

முதலில் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். தொடர்ந்து 12 மாதம் தீட்டு வராவிட்டால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டில் இது பெரும்பாலும் 46, 47 வயது வாக்கில் நடக்கிறது. மேலை நாடுகளில் 51 வாக்கில். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் பரிசோதனை திங்கட்கிழமை ஒன்று சொல்லும், அடுத்த வாரம் வேறொன்று சொல்லும். 45 வயது தாண்டிய பெண்ணுக்கு மாதவிடாய் நிற்பதைக் கண்டறிய எஃப்எஸ்எச் தேவையில்லை, அறிகுறிகளே போதும் என்று பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2015-லேயே சொல்லிவிட்டது. 40 வயதுக்குள் நின்றுபோனால் கதை வேறு. அங்கே அந்தப் பரிசோதனை அவசியம். தைராய்டு, ரத்த அளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை எல்லாம் வீண் செலவில்லை. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே படபடப்பையும் அசதியையும் தரும். எச்சிலை எடுத்து ஹார்மோன் அளப்பது, அளவைக் கொண்டு "உங்களுக்கென்றே" மருந்து கலப்பது போன்றவற்றைத்தான் தயங்காமல் மறுக்கலாம்.

அடுத்த குழப்பம் 'ஹார்மோன் மாத்திரை' என்ற பெயரில் இருக்கிறது. நம் ஊரில் தைராய்டு மாத்திரையும் அதுதான், கருத்தடை மாத்திரையும் அதுதான். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தீட்டைத் தள்ளிப்போட வாங்கும் நாரெதிஸ்டெரோனும் அதுதான். நாற்பதுகளில் அதிகப்படியாகப் போகும் ரத்தத்தை நிறுத்தவும் அதையே கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு, "ஹார்மோன் ட்ரீட்மெண்ட் பார்த்தேன், அனல் நிற்கலை" என்று சொல்பவர்கள் உண்டு. அனலுக்கான சிகிச்சையில் முக்கியமான மருந்து ஈஸ்ட்ரோஜன். கர்ப்பப்பை இருப்பவர் கூடவே புரோஜெஸ்ட்ரோனும் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கர்ப்பப்பை உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். கர்ப்பப்பை எடுத்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டுமே பெரும்பாலும் போதும். "உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கா?" என்று கேட்காமல் ஹார்மோன் எழுதுகிற டாக்டரிடம் இரண்டாம் முறை போகவேண்டாம் என்பேன்.

சரி, பல டாக்டர்கள் ஏன் எழுதவே மறுக்கிறார்கள்? காரணம் 2002 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயம். 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வில் 16,608 பெண்களைக் கொண்ட ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து எடுக்காத 10,000 பேரில் ஆண்டுக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் என்றால், இரண்டு ஹார்மோனும் எடுத்தவர்களில் 38 பேருக்கு. பக்கவாதமும் ரத்தக்கட்டியும் சற்றுக் கூடின. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் மருத்துவக் கல்லூரி வகுப்பறை வரை போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது யார் மனதிலும் பதியவில்லை. கர்ப்பப்பை எடுத்து ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்ற பின்னாளைய முடிவும் அப்படியே.

இப்போதைய மருத்துவக் கருத்து இதுதான்: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள், அறிகுறிகள் படுத்துகிற, மற்றபடி ஆரோக்கியமான பெண்ணுக்கு இந்தச் சிகிச்சையில் நன்மையே அதிகம். 2025 நவம்பரில் அமெரிக்க அரசு இந்த மருந்துகளின் தகவல் தாளில் கட்டம் கட்டி அச்சிடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. அதற்காக எல்லாருக்கும் ஏற்றது என்று அர்த்தமில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டியோ பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் பொதுவாக எடுக்கக் கூடாது. அவர்களுக்கு மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளைக் குறைந்த அளவில் கொடுத்தால் அனல் குறையும். இதை விளக்காமல் சீட்டில் எழுதினால், "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்களா" என்று அந்தப் பெண் மாத்திரையைத் தூக்கிப் போடுவதில் வியப்பென்ன?

மருந்தை உள்ளே அனுப்பும் வழியும் முக்கியம். மாத்திரை ரத்தக்கட்டி ஆபத்தைச் சற்றுக் கூட்டும். தோலில் தடவும் ஜெல் வழக்கமான அளவில் கூட்டுவதாகத் தெரியவில்லை. சர்க்கரையும் அதிக உடல் எடையும் உள்ள பெண் "ஜெல் சரிவருமா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. பிறப்புறுப்பு வறண்டு எரிவது, தாம்பத்தியத்தில் வலி, திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு. பெண்கள் நீர்க்கடுப்பை மட்டும் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்புகிறார்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் நின்றால் மற்றதைச் சொல்ல டாக்டரம்மாவிடம்கூட வாய் வராது. உள்ளே இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இதற்கு நன்றாகவே கேட்கும், உடம்பில் கலப்பதும் மிகக் குறைவு. கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்வது டாக்டரின் வேலை. அவர் சொல்லாவிட்டால் நாமே சொல்லிவிடலாம்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் தீரும் என்று நம்பி வந்தவர்களின் ஏமாற்றம் தனி ரகம். கூடவே இரண்டு சினைப்பையும் போனால் பல வருஷத்தில் வரவேண்டிய மாற்றம் ஒரே வாரத்தில் வந்து விழும். இளம் வயதில் அப்படி நேர்ந்தால், தடை ஏதும் இல்லாதபோது, இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் கொடுப்பதுதான் சரியான வழக்கம். எலும்புக்கும் இதயத்துக்கும் அது வேண்டும். இதைச் சொல்லாமலே டிஸ்சார்ஜ் செய்வது பெரிய குறை.

சொல்லாமலே கர்ப்பப்பையை எடுத்த விவகாரம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1995-ல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் நீடித்த ரத்தப்போக்குக்காகத் தனியார் டாக்டரிடம் போனார். சோதித்துப் பார்க்கும் லேப்ராஸ்கோபிக்கும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்பதற்கும் மட்டும் கையெழுத்திட்டார். மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே இருந்த அம்மாவின் சம்மதத்தோடு கர்ப்பப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. சமீரா கோலி வழக்கு என்று அறியப்படும் அதில் 2008 ஜனவரி 16-ல் தீர்ப்பு வந்தது: மயக்கம் தெளிந்ததும் தானே முடிவெடுக்கக் கூடிய பெண்ணுக்காக அம்மா சம்மதம் தர முடியாது, சிகிச்சை என்ன, எதற்கு, மாற்று வழி என்ன, ஆபத்து என்ன, வேண்டாமென்றால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்லியாக வேண்டும். கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்தான். தொகை சின்னது, தீர்ப்பு பெரியது. "ஏன் வேண்டாம்ங்கிறீங்க டாக்டர்?" என்று கேட்கிற உரிமையும் அதற்குள் அடங்கும்.

'மெனோபாஸ் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டில் இருந்தால் மயங்க வேண்டாம். நம் நாட்டில் அதற்கென்று தனிப் பட்டம் கிடையாது. மகப்பேறு மருத்துவப் பட்டமோ எண்டோகிரினாலஜி என்ற ஹார்மோன் மருத்துவப் பட்டமோ இருந்து, இந்தத் துறையில் தொடர்ந்து படிப்பவராக இருந்தால் நல்லது. 1995-ல் தொடங்கிய இந்தியன் மெனோபாஸ் சொசைட்டி டாக்டர்களுக்காக வழிகாட்டிகள் வெளியிட்டு வருகிறது. போர்டை மட்டும் நம்பக் கூடாது என்பது பிரிட்டனுக்கும் பொருந்தும். அங்கே ஒரு தனியார் மெனோபாஸ் கிளினிக்கில் வழக்கத்தைவிட அதிக அளவு ஈஸ்ட்ரோஜன் எழுதியதாக பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி 2024-ல் அம்பலப்படுத்தியது. மறுப்பதில் மட்டுமில்லை, அள்ளிக் கொடுப்பதிலும் ஏமாற்றம் உண்டு.

டாக்டரிடம் போகும்முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாகத் தீட்டு வந்த மாதம், அனல் நாளுக்கு எத்தனை தடவை, தூக்கம், ஆபரேஷன், குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையும். ஆரம்பித்த மருந்தை மூன்று மாதம் கழித்துச் சரிபார்க்க வேண்டும். பல சிகிச்சைகள் தோற்பது அளவு மாற்றாமல் விட்டதால்தான். உங்கள் சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. அதை வாங்கிக்கொண்டு வேறொருவரைப் பார்ப்பது எந்த டாக்டருக்கும் அவமானமில்லை. காசில்லை என்றால் கோரிப்பாளையம் அரசு இராசாசி மருத்துவமனையின் மகப்பேறு புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. கூட்டத்துக்குப் பயந்தால் காலையிலேயே போவது நல்லது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தீட்டு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே காட்ட வேண்டும். ஹார்மோன் தொடங்கிய முதல் சில மாதங்களில் லேசாகப் படுவது உண்டு, அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள். ஹார்மோன் எடுக்காதவருக்கு அது 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிறு திசு எடுத்துச் சோதிப்பது வழக்கம். "சூட்டுல வந்திருக்கும்" என்று யாராவது வெந்தயத் தண்ணியைக் கொடுத்தால் குடியுங்கள், குடித்துவிட்டு ஸ்கேனுக்கும் போங்கள்.