பிரிண்டர் மக்கர் செய்தால் முதலில் எங்கே பார்ப்பது?

அச்சு சரியாக வராதபோது முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, கோளாறு கணினியில் இருக்கிறதா, பிரிண்டரில் இருக்கிறதா என்பதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் கார்ட்ரிட்ஜை மாற்றுவதும், டிரைவரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதும் வீண் செலவு, வீண் அலைச்சல். தெரிந்துகொள்ளும் வழியோ மிக எளிது. கணினியின் உதவி இல்லாமலே தன் நினைவகத்திலிருந்து ஒரு சோதனைப் பக்கத்தை அச்சிட்டுத் தரும் வசதி பெரும்பாலான பிரிண்டர்களில் உண்டு. திரை உள்ள மாடல்களில் அது மெனுவில் இருக்கும். திரை இல்லாதவற்றில் ஏதாவது ஒரு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். எந்தப் பொத்தான் என்பது கையேட்டில் இருக்கும். ஸ்கேனருடன் கூடிய பிரிண்டராக இருந்தால் ஒரு தாளை நகல் எடுத்தாலே போதும், அதற்கும் கணினி தேவையில்லை. சோதனைப் பக்கம் பளிச்சென்று வந்தால் இயந்திரத்தைத் திறக்கவே வேண்டாம். கோளாறு கணினியிலோ இணைப்பிலோதான். சோதனைப் பக்கமும் மோசமாக வந்தால் கணினியைக் குடைவதில் பயனில்லை.

நகலில் மட்டும் நீளக் கோடு விழுந்து, கணினியிலிருந்து அனுப்பும் அச்சு சுத்தமாக வந்தால் காரணம் ஸ்கேனர் கண்ணாடி. தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் மேல்தட்டு உள்ள இயந்திரங்களில், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டை இருக்கும். தாள் அதன்மேல் நகர்ந்து போவதால், அதில் கடுகளவு பசையோ வெள்ளை மையோ ஒட்டியிருந்தாலும் அது பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடாக இழுபடும். ஈரத் துணியால் துடைத்தால் தீரும் இந்தக் கோட்டுக்காக டோனரை மாற்றுகிறவர்கள் உண்டு.

கணினிப் பக்கத்துக் கோளாறுகளில் அடிக்கடி வருவது வரிசையில் சிக்கிக்கொள்வது. அச்சுக்கு அனுப்பும் கோப்புகளை விண்டோஸ் ஒரு வரிசையில் வைத்து ஒவ்வொன்றாக அனுப்புகிறது. இந்த வேலையைச் செய்யும் நிரலுக்குப் பிரிண்ட் ஸ்பூலர் என்று பெயர். முதலில் நிற்கும் கோப்பு பழுதானால் பின்னால் உள்ள அத்தனையும் நின்றுவிடும். ஒன்றும் வரவில்லையே என்று திரும்பத் திரும்ப அச்சுப் பொத்தானை அழுத்துவதால் வரிசை நீளுமே தவிர நகராது. வரிசையில் உள்ள எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டுப் பிரிண்டரை அணைத்துப் போட வேண்டும். அப்படியும் அழியவில்லை என்றால் ‘சர்வீசஸ்’ பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். கணினியையே ‘ரீஸ்டார்ட்’ செய்தாலும் பெரும்பாலும் இதே பலன் கிடைக்கும்.

பிரிண்டர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே ‘ஆஃப்லைன்’ என்று திரை காட்டுவதற்கு இணைப்பின் வகையைப் பொறுத்துக் காரணம் மாறும். யு.எஸ்.பி. கம்பியை வேறு துளையில் செருகினால், விண்டோஸ் அதைப் புதிய பிரிண்டராக எண்ணிப் பெயருக்குப் பின்னால் ‘காப்பி 1’ என்று சேர்த்து இன்னொன்றை உருவாக்கிவிடுவதுண்டு. கோப்புகள் பழைய பெயருக்கே போய்க்கொண்டிருக்கும். வைஃபை பிரிண்டரில், ரூட்டர் அணைந்து மறுபடி இயங்கும்போது பிரிண்டருக்கு வேறு ஐ.பி. முகவரி கிடைத்துவிடலாம், கணினி பழைய முகவரியிலேயே தேடும். ரூட்டரில் அந்தப் பிரிண்டருக்கென்று ஒரே முகவரியை ஒதுக்கி வைத்தால் இது மீண்டும் வராது. வைஃபையே கிடைக்கவில்லை என்றால் ரூட்டரின் அலைவரிசையைப் பார்க்க வேண்டும். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும்.

தமிழில் அச்சிடுகிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று தனியாக உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரும். கடைக்காரரின் பிரிண்டர் மீது இதில் எந்தக் குற்றமும் இல்லை. கோப்பை வீட்டிலேயே எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டுபோக வேண்டும். பி.டி.எஃப். திரையில் சரியாகத் தெரிந்து, தாளில் மட்டும் எழுத்து உடைந்தால் அச்சு அமைப்பில் ‘படமாக அச்சிடு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

சோதனைப் பக்கமும் மோசமாக வந்தால் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது தாளை. தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் கட்டைப் பிரித்து வெளியே வைத்த தாள் சுருளும், ஒன்றோடொன்று ஒட்டும், இரண்டு மூன்றாக உள்ளே போய் நடுவில் சிக்கும். மிச்சத் தாளை அதன் உறையிலேயே மடித்து வைப்பதும், தட்டில் வைக்கும் முன் விசிறிப் பிரித்துவிடுவதும் பாதிச் சிக்கலைத் தவிர்க்கும். தட்டை அதன் கோட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது.

புதிய தாள் வைத்தும் பிரிண்டர் தாளை எடுக்காமல் ‘கடகட’ என்று சுற்றினால் காரணம் தாளை இழுக்கும் ரப்பர் ரோலர். தாள்தூசி படிந்து ரப்பர் வழவழப்பாகியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நூல் பிரியாத துணியை நீரில் நனைத்துப் பிழிந்து ரோலரைத் துடைத்தால் மறுபடி பிடிமானம் வரும். பெட்ரோல், தின்னர் கூடவே கூடாது, ரப்பர் வெடித்துவிடும். நல்ல தாள் வைத்தும் பல தாள்கள் ஒன்றாகப் போனால், ரோலருக்கு எதிரே தாள்களைப் பிரித்துவிடும் சிறிய பட்டை தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதன் விலை பெரிதல்ல, மாற்றிவிடுவதே நல்லது. சிக்கிய தாளை அது போகும் திசையிலேயே, இரண்டு கைகளாலும் சீராக இழுக்க வேண்டும். ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் தாள் கிழியும். உள்ளே தங்கிய துண்டு, தாளின் வருகையை உணரும் சிறு நெம்புகோலில் மாட்டிக்கொண்டால், தாளே இல்லாத நிலையிலும் ‘பேப்பர் ஜாம்’ என்று பிரிண்டர் அறிவித்துக்கொண்டே இருக்கும். டார்ச் அடித்து அந்தத் துண்டைத் தேடி எடுப்பதுதான் அதற்கு வழி.

இயந்திரத்துக்குள் வரும் கோளாறுகளைப் புரிந்துகொள்ள, அது எப்படி அச்சிடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். லேசர் பிரிண்டரின் அடிப்படை 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் செய்து காட்டிய உலர் நகல் முறை. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதைப் போல, நிலைமின்சாரம் ஏறிய பரப்பு மைப்பொடியை இழுக்கிறது. அந்தப் பரப்பில் லேசர் ஒளியால் எழுதும் பிரிண்டரை ஜெராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் உருவாக்கினார். 1984-இல் கேனான் இயந்திரத்தை உள்ளே வைத்து எச்.பி. வெளியிட்ட லேசர்ஜெட் அதை அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தது.

இன்றைக்கும் வேலை அதே வரிசையில்தான் நடக்கிறது. மின்னேற்ற ரோலர், டிரம் என்ற உருளைக்கு மின்னேற்றம் தருகிறது. லேசர் அந்த மின்னேற்றத்தைக் குறைத்து அதில் பக்கத்தை எழுதுகிறது. எழுதிய இடங்களில் மைப்பொடியான டோனர் ஒட்டுகிறது. டிரம்மிலிருந்து டோனர் தாளுக்கு மாறுகிறது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும் ஃபியூசர், பிளாஸ்டிக் கலந்த அந்தப் பொடியை உருக்கித் தாளில் பதிக்கிறது. டிரம்மில் மிஞ்சியதை ஒரு ரப்பர் பிளேடு வழித்துக் கழிவு அறையில் தள்ளுகிறது. எந்தப் படி கெட்டதோ அதன் அடையாளம் தாளில் அப்படியே விழும். விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா? ஃபியூசர் போதுமான சூடு தரவில்லை, அல்லது தடித்த தாளை வைத்துவிட்டு அமைப்பில் சாதாரணத் தாள் என்று விட்டிருக்கிறார்கள். பக்கம் முழுக்கக் கறுப்பாக வந்தால் டிரம்முக்கு மின்னேற்றம் ஏறவில்லை. புது கார்ட்ரிட்ஜ் போட்டதும் முழு வெள்ளையாக வந்தால் அதன் பக்கவாட்டில் உள்ள நாடாவை இழுத்து எடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். எழுத்து மங்கினாலோ, நடுவே செங்குத்தாக வெள்ளைப் பட்டை விழுந்தாலோ டோனர் தீர்ந்துவருகிறது. கார்ட்ரிட்ஜை எடுத்துக் கிடைமட்டமாகப் பிடித்து மெல்ல ஆட்டினால் இன்னும் சில பக்கங்கள் வரும். அதற்கும் முன்னால், அமைப்பில் ‘டோனர் சேமிப்பு’ முறையை யாராவது போட்டுவிட்டார்களா என்று பார்ப்பது நல்லது.

செங்குத்தாக மெல்லிய கறுப்புக் கோடு விழுந்தால் டிரம்மில் கீறலோ வழிக்கும் பிளேடில் தேய்மானமோ இருக்கிறது. ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டோனரை நிரப்புகிறவர் கழிவு அறையைக் காலி செய்யாமல் விட்டால், அது நிரம்பி வழிந்து பக்கமெல்லாம் கறை படியும். ரீஃபில் செய்வதில் தவறில்லை, செலவும் மிச்சம். ஆனால் கழிவு அறையைத் திறந்து கொட்டினாரா என்று கேட்டே வாங்க வேண்டும்.

லேசர் பிரிண்டரில் மிக அருமையான சோதனை ஒன்று இருக்கிறது. அதற்கு ஓர் அளவுகோல் போதும். ஒரே புள்ளி பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், சுழலும் ஏதோ ஓர் உருளையில் பழுது. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்தான் அந்த உருளையின் சுற்றளவு. சிறிய பிரிண்டர்கள் பலவற்றில் டிரம்மின் விட்டம் 24 அல்லது 30 மில்லிமீட்டர். அதை 3.14-ஆல் பெருக்கினால் முறையே சுமார் 75, 94 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் புள்ளி வந்தால் டிரம்மில் கீறல். அதைவிடக் குறைந்த இடைவெளி என்றால் மின்னேற்ற ரோலரையோ டோனரைக் கொண்டுவரும் உருளையையோ சந்தேகிக்கலாம். ஒவ்வொரு மாடலுக்கும் இந்த அளவுகளைப் பட்டியலாகப் பராமரிப்புக் கையேட்டில் போட்டிருப்பார்கள்.

இங்க்ஜெட்டின் கதை வேறு. அங்கே முதல் எதிரி பயன்படுத்தாமை. தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாக மை தெறிக்கிறது. எச்.பி.யும் கேனானும் மையைச் சூடாக்கிக் குமிழி எழுப்பித் தள்ளுகின்றன. எப்சன், மின்சாரம் பட்டால் வளையும் பீசோ படிகத்தால் தள்ளுகிறது. எந்த முறையானாலும் வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் துளையில் மை காய்ந்துவிடும். அச்சில் கிடைக்கோடுகளாக வெள்ளை விழுவதும், ஒரு நிறமே காணாமல் போவதும் இதனால்தான். ‘நாசில் செக்’ என்ற சோதனையை அச்சிட்டால் எந்த நிறத்தில் எந்த இடம் அடைத்திருக்கிறது என்று தெரியும். பிறகு ‘ஹெட் கிளீனிங்’ செய்யலாம். இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து செய்வது தவறு. ஒவ்வொரு முறையும் மை உறிஞ்சப்பட்டுக் கழிவுப் பஞ்சில் கொட்டப்படுகிறது. பலன் இல்லை என்றால் ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் செய்ய வேண்டும். காய்ந்த மை ஊறி இளகுவதற்கு அந்த நேரம் தேவை. மைத்தொட்டி வைத்த பிரிண்டரில் அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் குழாயில் காற்று புகுந்து இதே கோளாறைக் காட்டும்.

கழிவுப் பஞ்சு நிறைந்துவிட்டதாகப் பிரிண்டர் கணக்கிட்டால் அச்சிடுவதையே நிறுத்திவிடும். புதிய மாடல்கள் சிலவற்றில் அதை நாமே கழற்றி மாற்றலாம். மற்றவற்றுக்குச் சர்வீஸ் சென்டர்தான். எச்.பி., கேனான் மாடல்கள் பலவற்றில் அச்சுத்தலை கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும், புது கார்ட்ரிட்ஜ் போட்டால் புதுத் தலை. தலை இயந்திரத்தோடு நிலையாக இருக்கும் மாடல்களில் அதை மாற்றும் செலவு பிரிண்டர் விலையை நெருங்கிவிடும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு வண்ணப் பக்கம் அச்சிடுவது சிக்கனம்தான், வீண்செலவல்ல. இன்னொரு பழக்கம் அதைவிட முக்கியம்: இங்க்ஜெட்டை எப்போதும் அதன் சொந்தப் பொத்தானிலேயே அணைக்க வேண்டும். அப்போதுதான் அச்சுத்தலை ஓரமாகப் போய் ரப்பர் மூடிக்குள் அமரும். சுவர் சுவிட்சை அணைத்தால் தலை திறந்தபடி நின்று காயும்.

பாஸ்புக்கும் ரசீதும் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸில் எழுத்து மங்கினால் காரணம் ரிப்பன். ரிப்பன் புதிதாக இருந்தும் மங்கினால் தாளின் தடிமனுக்கு ஏற்ப நகர்த்தும் நெம்புகோல். எழுத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் தலையில் ஓர் ஊசி உடைந்திருக்கிறது. கடை பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டரில் தாள் வெறுமையாக வந்தால் பெரும்பாலும் சுருளைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். நகத்தால் கீறினால் எந்தப் பக்கம் கறுக்கிறதோ அதுதான் அச்சாகும் பக்கம்.

மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, லேசர் என்றால் அரைமணி நேரமாவது ஆறவிட வேண்டும். ஃபியூசர் கையைச் சுட்டுவிடும். டிரம்மை வெயிலிலும் விளக்கொளியிலும் வைக்கக் கூடாது. சிந்திய டோனரை வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் நுண்பொடி வடிகட்டியைத் தாண்டிக் காற்றில் கலக்கும். ஈரத் துணியால் துடைப்பதே சரி. கையில் பட்டால் குளிர்ந்த நீரில்தான் கழுவ வேண்டும், வெந்நீர் அதை இளக்கி ஒட்டவைக்கும். லேசர் பிரிண்டரைச் சிறிய யு.பி.எஸ்.ஸில் இணைக்கவும் கூடாது. ஃபியூசர் சூடாகும் நொடியில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யு.பி.எஸ். தாங்காது.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போகலாம். போகும்போது பிழையுடன் வந்த தாளையும், பிரிண்டர் தானே அச்சிட்ட சோதனைப் பக்கத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அவர் சொல்கிறாரோ, அந்தப் பாகத்தின் அடையாளம் எந்தத் தாளில் இருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள்.