தாயின் மடியும் அறிஞரின் ஏடும்

அழும் குழந்தையை உடனே வாரி எடுப்பதா, சற்று அழவிடுவதா? இவ்வினா எழாத இல்லம் உண்டோ? பாட்டி ஒன்று கூறுவார். மருத்துவர் மற்றொன்று கூறுவார். கடையில் வாங்கிய நூலோ இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்றைக் கூறும். இவர்களிடையே அகப்பட்ட இளம் தாய் தன் கைகளை நம்புவதா, ஏட்டை நம்புவதா எனத் திகைக்கிறாள். உளநூலாரின் கொள்கைகள் நேரே வந்து நம் பிள்ளைகளை வளர்ப்பதில்லை. பெற்றோரின் கைகள் வழியாகவே அவை குழந்தையைத் தொடுகின்றன. சில வேளைகளில் அக்கைகள் தொடாதவாறு தடுத்தும் விடுகின்றன. சென்ற நூற்றாண்டின் சில நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்னும் உளவியலார் வாழ்ந்தார். கண்ணுக்குப் புலப்படாத உள்ளத்தை விடுத்து, புலப்படும் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. வெள்ளெலியைக் கண்டு சிறிதும் அஞ்சாதிருந்த ஒரு கைக்குழந்தையின் பின்னே இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பி, எலியைக் கண்டாலே அலறுமாறு அக்குழந்தையைப் பழக்கினார். இவ்வாய்வை 1920-ல் வெளியிட்டார். அச்சத்தைப் பழக்க முடியுமாயின், குணம் முழுவதையுமே பழக்க முடியும் அன்றோ? 1928-ல் குழந்தை வளர்ப்பைப் பற்றி அவர் எழுதிய நூல், பிள்ளையைக் கட்டியணைத்தலும் மடியில் அமர்த்தலும் கூடாது என்று தாய்மார்க்கு அறிவுறுத்தியது. இரவில் நெற்றியில் ஒரு முத்தம், காலையில் ஒரு கைகுலுக்கல். அதற்கு மேற்பட்ட கொஞ்சல் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்றார் அவர்.

அந்நூல் நன்கு விற்பனையாயிற்று. எத்தனை தாய்மார்கள் கைகளைக் கட்டிக்கொண்டு தொட்டிலருகே நின்றனரோ, யாரறிவார்! நூல் எழுதத் துணைநின்ற அவர் மனைவி ரோசலி, 1930-ல் ஒரு பெற்றோர் இதழில் எழுதிய கட்டுரையில், கணவரின் கொள்கைக்கு முற்றும் இணங்காத தம் தாயுள்ளத்தை மறைக்கவில்லை. போதிய அறிவின்றி அந்நூலை எழுதிவிட்டதாக வாட்சனே 1936-ல் வருந்தினார். ஆனால் அவ்வருத்தம் நூல் சென்ற வீடுகளுக்கெல்லாம் சென்றிருக்குமா என்பது ஐயமே.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். அங்கே மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் காண்பதற்கு அக்காலத்தில் கடுந்தடை இருந்தது. வாரத்தில் ஒருநாள், ஓரிரு மணிநேரம் என்று வரையறுத்த மருத்துவமனைகள் பல. கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தாயைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றும். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். நோய்த்தொற்றைப் பற்றிய அச்சம் ஒரு காரணம். மற்றொன்று, பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது. வராவிடில் இரண்டொரு நாளில் அமைதியாகிவிடுகிறது. அமைதியான குழந்தை தேறிய குழந்தை என்றே தாதியரும் மருத்துவரும் உறுதியாய் நம்பினர்.

அந்த அமைதியை ஐயுற்றவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். போர்க்காலத்தில் அன்னா பிராய்டின் குழந்தைகள் காப்பகத்தில் பணியாற்றிய அவர், 1948-ல் ஜான் பௌல்பி என்னும் மருத்துவருடன் சேர்ந்து, தாயைப் பிரிந்த குழந்தைகளை வார்டுகளில் உற்றுநோக்கத் தொடங்கினார். குழந்தை முதலில் அழுது போராடுகிறது. பின்னர் நம்பிக்கையிழந்து சோர்கிறது. இறுதியில் தாயே வந்தாலும் வேண்டாதது போல் இருந்துவிடுகிறது. தேறிவிட்டது என்று பிறர் கூறியது இம்மூன்றாம் நிலையைத்தான் எனக் கண்டார். சொல்லிப் பார்த்தார், கேட்பாரில்லை. எனவே ஒரு திரைப்படக் கருவியை வாங்கினார்.

படத்துக்குரிய குழந்தையை அவர் தேடிப் பொறுக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்தார். இரண்டு வயது ஐந்து மாதச் சிறுமி. தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தங்கினாள். காட்சிகள் வேண்டுமென்றே தெரிந்தெடுக்கப்பட்டன என்று எவரும் கூறாதிருக்க, குறித்த வேளைகளில் படம் எடுத்து, சுவர்க் கடிகாரமும் தெரியுமாறு செய்தார். அச்சிறுமி பெரிதாக ஓலமிடவில்லை. தன் கரடிப் பொம்மையையும் வீட்டிலிருந்து கொணர்ந்த சிறு போர்வையையும் பற்றிக்கொண்டு, அம்மா எங்கே என்று அவ்வப்போது மெல்லக் கேட்டாள். தாய் வந்தபோதோ உடனே ஒட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓலத்தைவிட இது நெஞ்சை அறுக்கவில்லையா?

1952-ல் இலண்டன் அரச மருத்துவச் சங்கத்தில் படம் காட்டப்பட்டபோது மருத்துவர் பலர் சினந்தனர். தம் தொழிலுக்கு இழுக்கு என்றனர். அவ்வாறு சினந்தவர்களுள் ஒருவர் டெர்மோட் மெக்கார்த்தி. ஆயினும் வார்டுக்குத் திரும்பியதும் தம் நோயாளிக் குழந்தைகளின் முகங்களைப் புதிதாய்க் கண்டார். தாயும் உடன் தங்க இடமளித்தார். 1958-ல் ராபர்ட்சன் எடுத்த மறு படம் அவருடைய வார்டிலேயே எடுக்கப்பட்டது. மறு ஆண்டு, பெற்றோர் தடையின்றி வரலாம் என அரசுக் குழுவாகிய பிளாட் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலேயே கிடக்கக் கண்டு, 1961-ல் இலண்டன் தாய்மார் சிலர் சங்கம் அமைத்து மருத்துவமனைகளை விடாது வற்புறுத்தினர்.

அவ்வாறாயின், தாயன்பைப் போற்றிய கொள்கைகளால் தீங்கே விளையவில்லையா? விளைந்தது. தாயன்பு இன்றியமையாதது என்றவுடனே, பிள்ளையிடம் எக்குறை தோன்றினாலும் அது தாயின் குறையே என்று கூறுவோரும் தோன்றினர். 1943-ல் ஆட்டிசம் என்னும் நிலையை விளக்கி எழுதிய லியோ கானர், அத்தகைய குழந்தைகளின் பெற்றோர் சிலர் அன்பில் குளிர்ந்தவர்கள் எனக் குறித்தார். புரூனோ பெட்டல்ஹெய்ம் அதனைப் பெரிதாக்கி 1967-ல் நூலாகவே எழுதினார். பேசாத பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அலைந்த தாய்க்கு, நோய்க்குக் காரணமே நீதான் என்னும் பழியும் சேர்ந்தது. அதற்கு முன்பே, 1964-ல், இந்நிலை உடலமைப்பைச் சார்ந்தது, வளர்ப்பினால் வருவதன்று எனச் சான்றுகளை அடுக்கி நூல் எழுதியவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் உளவியலார் மட்டுமல்லர்; அத்தகைய மகனின் தந்தையும் ஆவார். இன்றைய அறிவியல் அவர் பக்கமே நிற்கிறது.

1969-ல் அப்பெற்றோரின் கூட்டமொன்றில் முதுமையுற்ற கானர் பேச எழுந்தார். பெற்றோர் என்ற முறையில் உங்கள்மீது குற்றமில்லை எனத் தீர்ப்பளிக்கிறேன் என்னும் பொருள்பட அவர் கூறினார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது.