ஓர் ஆண்டு பொறுத்தால் என்ன?

டாக்டர் படிப்புக்கு மனுச் செய்யும் வீடுகளுக்குச் சில வார்த்தைகள்

கோலா கங்சார் பட்டணத்திற்குப் போனவர்கள், மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி கட்டிக் காத்து வைத்திருக்கும் ஒரு கிழட்டு ரப்பர் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய 22 கன்றுகளில் ஒன்பது கோலா கங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சி நிற்பது இதுதான் என்பார்கள். நம் பாட்டன் பாட்டிகளைக் கப்பலேற்றி இந்நாட்டுக்கு அழைத்து வந்த மரங்களுக்கெல்லாம் இது மூத்தது.

ரப்பர் மரத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பாடம் சொல்லத் தேவையில்லை. கன்று நட்டு ஐந்து, ஆறு, சில இடங்களில் ஏழு ஆண்டுகள் கழித்தே மரம் வெட்டுக்கு வரும். அந்த நாளைத் தீர்மானிக்க யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. நாடாவை எடுத்து மரத்தைச் சுற்றி அளப்பார்கள். சுற்றளவு 50 செண்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 20 அங்குலம் இருந்தால் கத்தி போடலாம். பக்கத்து நிரையில் வெட்டு ஆரம்பித்துவிட்டதே என்று இளமரத்தில் கத்தி வைத்தால், மரம் வளர்ச்சி குன்றிப் போகும். பாலும் குறையும்.

மரத்துக்குப் பார்க்கும் இந்தக் கணக்கை நாம் பெற்ற பிள்ளைகளுக்குப் பார்க்கிறோமா?

ஒரு வீட்டுப் பேச்சு

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கோலா கங்சாரிலிருந்து சுங்கை சிப்புட் போகும் வழியில் ஒரு தோட்டம். அப்பா செம்பனைக் குலை அறுக்கிறார். மகள் எஸ்.டி.பி.எம். எழுதியிருக்கிறாள். முடிவு வந்தது. நல்ல முடிவுதான். ஆனால் வேதியியலில் சற்றுச் சறுக்கல். அரசாங்கப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவுக்கு 4.00 புள்ளியை ஒட்டி எடுத்தவர்கள் வரிசையில் நிற்கும்போது, இவள் புள்ளி போதுமா என்பது சந்தேகம்.

"அப்பா, ஒரு வருஷம் பொறுத்து, கெமிஸ்ட்ரியை மறுபடி எழுதட்டுமா?" என்கிறாள் மகள்.

ஈப்போவிலிருந்து வந்திருக்கும் மாமா முந்திக்கொள்கிறார். "வேண்டாம் மச்சான். ஒரு வருஷம் வீட்டுல உக்காந்தா படிப்பு அதோட சரி. எந்தக் கோர்ஸ் கிடைக்குதோ அதுல தள்ளிவிடுங்க."

பாட்டிக்கு வேறு கவலை. "வயசுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு..." என்று இழுக்கிறார்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. இந்த வீட்டில் யார் சொல்வது சரி?

மாமாவின் பயம் வெறும் பயமன்று

மேல்நாடுகளில் பள்ளிப் படிப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஓராண்டு ஓய்வெடுத்து ஊர் சுற்றி வருகிற வழக்கம் உண்டு. திரும்பி வந்தால் அவர்களுக்கு இடமும் இருக்கும், செலவுக்குத் தகப்பன் பணமும் இருக்கும். நம் வீடுகளில் 'ஓராண்டு நிற்பது' என்பதன் பொருள் வேறு. நின்றவன் நின்றே போனதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

"மூணு மாசம்தாம்மா" என்று சொல்லித்தான் பையன் தொழிற்சாலைக்குப் போகிறான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை. இரண்டாம் மாதம் மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம். அதன் பிறகு மாதத் தவணை அவனைப் பிடித்துக்கொள்கிறது. புத்தகம் கட்டிலுக்கு அடியில் போகிறது. பெண் பிள்ளையானால் தவணைக்குப் பதிலாக வரன் வந்து நிற்கிறது. யாரும் கெட்டவர்களல்லர், யாரும் படிப்பை நிறுத்தச் சொல்லவுமில்லை. ஆண்டுக்கு ஒரு முடிவு நாள் குறிக்காததால் அது முடியாமலே போய்விடுகிறது.

ஆகவே பொறுக்கலாமா கூடாதா என்று கேட்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. எதற்காகப் பொறுக்கிறோம்?

முன்னே காத்திருந்த இருவர்

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. வயதுக்கு வந்ததும் அந்தக் கால வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். தாயார் மாப்பிள்ளை பார்க்க நினைத்தார். ஆனால் வீட்டில் வைத்தே அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. தனித் தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார். பெண்ணுக்கு இடமில்லை என்றிருந்த கல்லூரியில் போராடி இடம் பெற்றார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் டாக்டராக வெளிவந்தார். பின்னாளில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தவரும் இவரே. வீட்டில் இருந்த காலத்திலும் அவர் கையில் புத்தகம் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்னொருவர் நம் நாட்டவர். அலோர் ஸ்டாரில் 1925இல் பிறந்த மகாதீர். ஜப்பானியர் ஆட்சியில் ஆங்கிலப் பள்ளிகள் அடைபட்டபோது அவர் சந்தையில் காப்பி விற்றார். பிசாங் கோரெங் விற்றார். சண்டை ஓய்ந்ததும் கடையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பள்ளிக்குத் திரும்பித் தேர்வு எழுதி, 1947இல் சிங்கப்பூர் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1953இல் டாக்டரானார். பிறகு நாட்டின் பிரதமராக இருமுறை இருந்தார். யுத்தம் விழுங்கிய ஆண்டுகள் அவர் வாழ்க்கையை விழுங்கிவிடவில்லை.

மூன்று வகைக் காத்திருப்பு

முதலாவது, புள்ளிக்காகக் காத்திருப்பது. எந்தப் பாடத்தில், எதனால் குறைந்தது என்று பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிந்தால், ஓராண்டு பொறுப்பதில் பயன் உண்டு. தேர்வு நேரத்தில் காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு, நல்ல ஆசிரியர் நடுவில் மாறிப்போனது, இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய காரணங்கள். ஆனால் எல்லாப் பாடத்திலும் பரவலாகக் குறைந்திருந்தால், அதே புத்தகத்தை அதே மாதிரி இன்னோர் ஆண்டு படிப்பதால் புள்ளி ஏறிவிடாது. ஆறாம் படிவ ஆசிரியரிடம் விடைகளைப் பற்றிப் பேசி, நேர்மையான கருத்தைக் கேளுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத் தேர்வில் பாடப் புள்ளிக்கு நூற்றுக்குத் 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10 என்ற கணக்கும், மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, பணத்துக்காகக் காத்திருப்பது. இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில் ஓராண்டு உழைத்தால் 20,400 வெள்ளி. சாப்பாடு, போக்குவரத்து போகப் பாதி மிஞ்சினால் பெரிது. தனியார் கல்லூரியில் டாக்டர் படிப்புக்கோ சில லட்சம் வெள்ளி வேண்டும். ஆக, பிள்ளையின் கூலியைக் கொண்டு தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று காத்திருப்பது நடக்காத காரியம். அரசாங்க இடம் கிடைக்கும் பிள்ளைக்குக் கணினி, புத்தகம், முதல் தவணைச் செலவு ஆகியவற்றுக்கு அந்தப் பணம் உதவும். கட்டணத்துக்கு உபகாரச் சம்பளம், 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கடன், 1984இல் நம் சமுதாயத்தில் தோன்றிய எம்.ஐ.இ.டி. போன்ற வாசல்களைத்தான் தட்ட வேண்டும். வீட்டையோ நகையையோ அடகு வைப்பதற்கு முன் இவற்றை எல்லாம் தட்டிப் பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது, மனத்துக்காகக் காத்திருப்பது. இதை நாம் பேசுவதே இல்லை. நம் தாத்தாக்கள் காலத்தில் தோட்டத்து டிரெசர்தான் நமக்கு டாக்டர். அப்படி வளர்ந்த சமுதாயத்தில் ஒரு பிள்ளை டாக்டராவது என்றால் லயமே தலைநிமிர்கிறது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் டாக்டராக வேண்டும் என்பது பிள்ளையின் ஆசையா, நம் ஆசையா? ஐந்தாண்டுப் படிப்பு, அதன்மேல் இரண்டாண்டு பயிற்சி டாக்டர் வேலை, தூக்கமில்லாத இரவுகள். 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்கள் ஒப்பந்த முறையில் நியமிக்கப்பட்டு, நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலையில் அவர்கள் வேலை நிறுத்தம் செய்ததை நாளிதழில் படித்தோம். பிள்ளைக்கே மனத்தில் தெளிவில்லை என்றால், ஐந்தாண்டு படித்துவிட்டு அழுவதைவிட ஓராண்டு யோசிப்பது மலிவு. மருத்துவ உதவி அதிகாரி, தாதி, மருந்தாளர், இயன்முறை சிகிச்சையாளர் இவர்களும் நோயாளியின் பக்கத்தில் நிற்பவர்கள்தாமே? இந்த வேலைகள் எவற்றிலும் கேவலமில்லை.

தமிழ்நாடு சொல்லும் எச்சரிக்கை

காத்திருப்பு எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் நீட் தேர்வு வரும் முன், 2016-17இல், மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் முந்திய ஆண்டுகளில் பள்ளி முடித்து மறுபடி முயன்றவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர்தாம். நீட் வந்த பின், 2020-21இல், அது நூற்றுக்கு 71ஆக உயர்ந்தது என்று நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டி ஓராண்டும் ஈராண்டும் காத்திருக்க முடிந்தவர்கள் முன்னே போனார்கள். முடியாதவர்கள் பின்னே நின்றார்கள்.

நம் பிள்ளைகள் இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்கப் போவதானாலும் இந்த நீட் தேர்வில் தேற வேண்டும். 2024இல் அதை எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். அங்கே போக நினைப்பவர்கள், சேரப்போகும் கல்லூரியை மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்துள்ளதா என்பதை முன்பணம் கட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏஜெண்டின் வாய்ச்சொல் இதற்குப் போதாது.

முதலில் மனு, பிறகு பேச்சு

இனி நடைமுறைக்கு வருவோம். பொறுப்பதாக முடிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், இந்த ஆண்டுக்குரிய மனுவைப் போட்டே தீர வேண்டும். மனுப் போடாமல் காத்திருப்பது வாசலை நாமே அடைத்துக்கொள்வதாகும். இடம் கிடைத்த பிறகு "ஓராண்டு கழித்து வருகிறேன், எடுத்து வையுங்கள்" என்றால் எல்லாக் காரணத்துக்கும் இணங்கமாட்டார்கள். எஸ்.பி.எம். முடித்தவர்களும் ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளட்டும். எஸ்.பி.எம்.மில் 10ஏவும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024இல் அரசாங்கம் அறிவித்ததும் நினைவிருக்கட்டும். டாக்டர் படிப்புக்கு எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், பௌதிகம், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னொரு பாடம் ஆகிய ஐந்திலும் குறைந்தது 'பி' வேண்டும். அடித்தளத்தில் குறை இருந்தால் மேலே எத்தனை ஆண்டு காத்திருந்தும் பயனில்லை.

மனுப் போட்டும் இடம் வரவில்லை, பொறுப்பதென்றே முடிவாயிற்று என்றால், சுவரில் மாட்டிய காலண்டரில் மூன்று தேதிகளை எழுதுங்கள். தேர்வுக்குப் பதியும் கடைசி நாள், அடுத்த மனுவின் கடைசி நாள், வேலைக்குப் போனால் வேலையை விடும் நாள். மூன்றாவது தேதியைப் பிள்ளை மட்டுமன்றி அப்பாவும் அம்மாவும் காப்பாற்ற வேண்டும். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் எந்தத் தவணையும் எடுக்கக்கூடாது.

வேலை பார்ப்பதானால் படிப்புக்குப் பக்கத்திலுள்ள வேலையாகப் பாருங்கள். பட்டணத்துக் கிளினிக்கில் சீட்டு எழுதும் வேலை, முதியோர் இல்லத்தில் உதவி, செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் சேவை. இரத்தத்தைக் கண்டு மயங்குகிற பிள்ளையா, முதியவரின் கழிவைத் துடைக்க முகம் சுளிக்காத பிள்ளையா என்பது அங்கே தெரிந்துவிடும். நேர்முகத் தேர்வில் "ஏன் டாக்டராக வேண்டும்?" என்று கேட்கும்போது மனப்பாடமாக அன்றி உண்மையாகச் சொல்லவும் ஏதாவது இருக்கும்.

இன்னொன்று. வீட்டில் இருக்கும் பிள்ளையை "சும்மா இருக்கிறாள்" என்று உறவினர் முன் சொல்லாதீர்கள். தோற்றுப்போனோம் என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனத்தில் விழுந்தால் புத்தகத்தைத் திறக்கவே கை வராது. முகம் வாடி, சாப்பாடு குறைந்தால் புள்ளியை மறந்துவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள்.

நாம் கற்பனை செய்த அந்த வீட்டுக்குத் திரும்புவோம். மகளுக்குக் குறைந்தது ஒரே பாடம், காரணமும் தெரிகிறது. இந்த ஆண்டு மனுவும் போட்டுவிட்டாள். மாமாவின் பயத்துக்குக் காலண்டரில் எழுதிய தேதிகள் பதில் சொல்லும். பாட்டியின் கவலைக்கு அம்மாதான் வாய் திறக்க வேண்டும். இருபது வயதில் பல்கலைக்கழகம் போனால் இருபத்தேழில் முழு டாக்டர்; இருபத்தொன்றில் போனால் இருபத்தெட்டில். அந்த ஒரு வயதுக்காக நாற்பதாண்டுத் தொழிலை விடுவதா?

அப்பா குலை அறுப்பவர். பழுக்காத குலையை அறுத்தால் ஆலையில் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். பழுத்த குலையை மரத்திலேயே விட்டாலும் என்ன ஆகும் என்பதும் தெரியும். அந்தக் கண்ணோடு மகளைப் பார்த்து அவர் சொல்லட்டும்.