கரண்ட் போன நொடியில் ஹார்ட் டிஸ்க்குக்குள் என்ன நடக்கிறது, தெரியுமா?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு சிக்கியதில் முழு இலங்கைக்கும் கரண்ட் போனதே, ஞாபகமிருக்கிறதா? அந்த நொடியில் ராகலை டவுனில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களுக்குள் நடந்ததைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள்!

மேசைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். அதன் விளிம்பு ஓடுவது மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில்! எழுதும் முனை அந்தத் தட்டைத் தொடுவதே இல்லை. காற்றுப்படலத்தின் மேல், வெறும் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் பருமனே பல்லாயிரம் நானோமீட்டர்! கரண்ட் நின்றால் சுழற்சி தளரும், முனை தட்டில் விழுந்து கீறும். விழாமல் தடுப்பது எது தெரியுமா? சுற்றிக்கொண்டிருக்கும் அதே தட்டுதான்! மோட்டார் அக்கணமே ஜெனரேட்டராகிறது. லக்ஷபான நீர்மின் நிலையத்தில் தண்ணீர் டர்பைனைச் சுழற்றிக் கரண்ட் எடுக்கிற அதே தத்துவம். அந்தத் துளி மின்சாரத்தில் முனை ஓடிப்போய் ஓரத்தில் ஒதுங்கிவிடும். ஆனால் இந்த அவசர ஓட்டம், முறையாக ஷட் டவுன் செய்யும்போது நடப்பதைவிடப் பலமடங்கு தேய்மானம் தரும்.

டிஸ்க் தப்பியது சரி, கொமியுனிகேஷன் கடையில் டைப் அடித்த ஒப்படை? 'சேவ்' கொடுத்த பிறகும் எழுத்துகள் சிறிது நேரம் தற்காலிக நினைவகத்தில்தான் காத்திருக்கும். கரண்ட் போனால் அவையும் போகும்! விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் முறை குறிப்பேடு வைத்துக் காப்பாற்றுவது ஃபைல்களின் அடுக்கைத்தான், உள்ளே இருக்கும் எழுத்தை அல்ல.

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே இல்லையே, பயமில்லை என்கிறீர்களா? ஒரே நினைவகச் செல்லில் இரண்டு பிட் வைக்கும் வகையில், இரண்டாவதை எழுதும்போது கரண்ட் போனால் எப்போதோ எழுதி முடித்த முதல் பிட்டும் கெடலாம். தொடாத பழைய கல்யாணப் படம் பாழாகும்! 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 15 எஸ்எஸ்டிகளுக்கு வேண்டுமென்றே கரண்டை வெட்டிப் பார்த்தார்கள். 13 தடுமாறின. பெரிய சேர்வர்களுக்கான பல எஸ்எஸ்டிகளில் இதற்காகவே கபாசிட்டர்கள் இருக்கின்றன. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ரகங்களில் அநேகமாக இருக்காது.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: யூபிஎஸ் இருந்தால் அது கூவுகிற சில நிமிடத்திலேயே ஷட் டவுன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, கரண்ட் வந்து நிலைத்த பிறகு போடுங்கள். டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்தால் மறுபடி மறுபடி ஓன் பண்ணவே வேண்டாம்.

இன்னொன்று தெரியுமா? பல ஹார்ட் டிஸ்க்குகள் முனை ஒவ்வொரு முறை அவசரமாக ஒதுங்கியதையும் எண்ணி வைத்திருக்கின்றன! டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' (SMART) பட்டியலின் 192-ஆம் இலக்கத்தில் உங்களுடைய கணக்கையும் பார்க்கலாம்.