குழந்தையின் பங்கும் கூலிப் பதிவேடும்

சங்கத்தின் கூலிப் பதிவேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பத்தின் அடுப்போடு சம்பந்தப்பட்டது என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவர். குடும்பம் பிரிந்துபோன பின்னர், அதே வரி ஒரு குழந்தையின் உணவையும் பள்ளிப் படிப்பையும் நிர்ணயிக்கும் சாட்சியாகவும் ஆகக் கூடும். அதனை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

விவாகரத்து, கணவன் மனைவி என்னும் உறவை முடிக்குமேயன்றிப் பெற்றோரின் கடமையை முடிப்பதில்லை. போதிய வசதி இருந்தும் குழந்தையைப் பராமரிக்கத் தவறும் தந்தை மாதந்தோறும் ஜீவனாம்சம் செலுத்த வேண்டுமென நீதிமன்றம் உத்தரவிடலாம். முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக இருந்து வருகிறது.

வழக்கு சிக்கலாவது வருவாயை மெய்ப்பிக்கும் இடத்தில்தான். உத்தியோகஸ்தருக்குச் சம்பளச் சீட்டு உண்டு. தறியையும் நிலத்தையும் நம்பியிருப்பவர், "பாவு கிடைக்கவில்லை, மழை பொய்த்துவிட்டது" என்று சொல்லிவிட்டால், குழந்தையைக் கையில் பிடித்து நிற்கும் தாய் எதைக் காட்டி மறுப்பாள்?

இத்தொல்லையை உணர்ந்த உச்ச நீதிமன்றம், 2020 நவம்பர் 4-இல் அளித்த தீர்ப்பில் ஒரு வழி வகுத்தது. இரு தரப்பினரும் தத்தம் வரவு, சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும். எதிர்த்தரப்பினர் அதனை நான்கு வாரங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விவசாயிகளுக்கெனத் தனிப் படிவமும் உண்டு. நிலத்தின் பரப்பு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், கடந்த 3 ஆண்டுகளின் வருவாய், ஆடு மாடு, நிலத்தின்மேல் பெற்ற கடன் எல்லாம் அதில் கேட்கப்படுகின்றன. பொய்யுரைப்பவர்மேல் நடவடிக்கை எடுக்க இடமுண்டு. ஜீவனாம்சம், மனுச் செய்த நாள் முதற்கொண்டே கணக்கிடப்படும். உடல் வலிமை உள்ளவர் கூலி வேலை செய்தேனும் மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று 2022-இல் அதே நீதிமன்றம் கூறியது.

ஆயினும் எழுதிக் கொடுத்ததை ஒத்துப் பார்க்கச் சான்றுகள் வேண்டும். சங்கக் கூலிப் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகம், பால் சங்க அட்டை, கரும்பு எடைச் சீட்டு, பட்டா, சிட்டா, அடங்கல், கடன் விண்ணப்பம் ஆகியவை சாதாரணக் காகிதங்களே. கடன் கேட்கும்போது எழுதிய வருவாய் ஒன்று, நீதிமன்றத்தில் சொல்லும் வருவாய் வேறு என்றால் உண்மை தானே வெளிப்படும். மெய்யாகவே வேலை குறைந்தவரையும் அதே பதிவேடு காக்கும். பாவு வராத மாதங்களையும் அது காட்டுமன்றோ?

ஆகவே, தம் கூலியைத் தம்பி பெயரில் எழுதும்படி எவரேனும் கேட்டால், சங்க நிர்வாகிகள் இணங்கலாகாது. நீதிமன்றம் கணக்கைக் கோரினால் உள்ளபடியே அனுப்ப வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்வோம்: 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் இலவச சட்ட உதவி பெற உரிமையுடையவர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

கணக்கில் நேர்மை என்பது கூட்டுறவின் முதற் பாடம். அது தவறுமிடத்தில் நஷ்டமடைவது சங்கம் மட்டுமன்று; பேசத் தெரியாத ஒரு குழந்தையும்தான்.