ஆயிரம் குதிரைகளுக்கு இரண்டே கியர்!

1970, மார்ச் 8. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் லாங் பீச் அருகே இருந்த லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். இறுதிச் சுற்று. பச்சை விளக்கு எரிந்த அடுத்த கணம், டான் கார்லிட்ஸின் கார் இரண்டு துண்டானது. வெடித்தது எஞ்சின் அல்ல, கியர்பாக்ஸ். அவர் புதிதாகப் பரிசோதித்துக்கொண்டிருந்த இரண்டு கியர் பெட்டி அது. சிதறிய உலோகம் அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விட்டது. பார்வையாளர் ஒருவரும் படுகாயம் அடைந்தார்.

அந்தக் காலத்து டிராக்ஸ்டர்களில் எஞ்சின் முன்னால் இருக்கும். டிரைவர் பின் அச்சுக்கும் பின்னால், கவண்கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். கிளட்சும் கியர்பாக்ஸும் அவருடைய கால்களுக்கு நடுவில்தான். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே கார்லிட்ஸ் யோசித்தது, எஞ்சினை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதைப் பற்றி. அடுத்த ஆண்டே அப்படி ஒரு காரைக் கட்டி, பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் ஜெயித்தார். சில ஆண்டுகளிலேயே டாப் ஃப்யூயல் டிராக்ஸ்டர்கள் எல்லாம் அந்த வடிவத்துக்கு மாறிவிட்டன.

டிராக் ரேஸ் பார்க்க எளிமையானது. நேர் சாலை. இரண்டு கார்கள். கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரம். யார் முதலில் கோட்டைத் தொடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டிய கார்களில் எல்லாம் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். ஆனால், அந்த எஞ்சினுக்கு எந்த டிரான்ஸ்மிஷனைப் பொருத்துவது என்ற விவாதம்தான் ஒர்க் ஷாப்களில் வருஷக்கணக்கில் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

குடும்பக் காரில் இருந்து வந்த ஹீரோ

நம்மூரில் ஆட்டோமேட்டிக் கார் என்றால், 'ஓட்டத் தெரியாதவங்களுக்கு' என்று ஒரு கேலி இருக்கிறது. அமெரிக்க டிராக் களத்தில் கதையே வேறு. அங்கே பல வகுப்புகளின் செல்லப்பிள்ளை 'பவர்கிளைடு' என்ற ஆட்டோமேட்டிக் பெட்டி. அதில் இருப்பது இரண்டே கியர்!

1950-ல் ஷெவர்லே தன் சாதாரண குடும்பக் கார்களுக்காகக் கொண்டுவந்தது இது. முதல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் 1953-ல் வந்தபோது அதிலும் இதுதான். 1973-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தி அரை நூற்றாண்டு ஆன பிறகும், பந்தயத்துக்கான உதிரிபாகம் செய்பவர்கள் இதற்குப் புதிது புதிதாகப் பாகங்கள் வார்க்கிறார்கள். மேல் கூடு முதல் உள்ளே இருக்கும் கியர் வரை, ஜெனரல் மோட்டார்ஸ் செய்த ஒரு நட்டுகூட இல்லாமல் ஒரு முழு பவர்கிளைடை இன்று கட்டிவிட முடியும்.

பத்து கியர் பெட்டிகள் வந்துவிட்ட காலத்தில் இரண்டு கியருக்கு ஏன் இத்தனை மவுசு? கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும்.

கியர் என்பது எஞ்சினின் திருகுவிசையைப் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு. பவர்கிளைடின் முதல் கியர் விகிதம் 1.76. பின் அச்சில் 4.10 விகிதம் இருந்தால் இரண்டையும் பெருக்க, எஞ்சின் தரும் விசை சக்கரத்தில் சுமார் 7 மடங்கு. இதே பின் அச்சோடு 'டர்போ 400' என்ற மூன்று கியர் பெட்டியை வைத்தால், அதன் முதல் கியர் 2.48 என்பதால் 10 மடங்கு. கூடுதல் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் டயர் குறுக்கே வருகிறது. 800 கிலோ எடையுள்ள காரில் ஆயிரம் குதிரைத்திறன் எஞ்சினின் திருகுவிசையைப் பத்து மடங்காக்கிக் கொடுத்தால், டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கக்கும். பக்கத்து டிராக்கில் இருப்பவர் டாட்டா காட்டிவிட்டுப் போய்விடுவார்.

அதனால் எடை குறைந்த, சக்தி மிகுந்த காருக்கு பவர்கிளைடு பொருத்தம். எடையும் கம்மி. உள்ளே சுழலும் பாகங்கள் குறைவு என்பதால் எஞ்சினிடமிருந்து அது பிடுங்கிக்கொள்ளும் சக்தியும் கம்மி. கியர் மாற்றுவது ஒரே முறைதான் என்பதால் தப்புக்கும் இடம் குறைவு.

'பிராக்கெட்' வகைப் பந்தயக்காரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான். இந்த வகையில், 'என் கார் இத்தனை நொடியில் கடக்கும்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதைவிட வேகமாகப் போனாலும் வம்பு. மிக வேகமான காரைவிட, காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி ஓடும் காருக்குத்தான் அங்கே மரியாதை.

எடை கூடினால் கணக்கு மாறும்

அதே ஆயிரம் குதிரைத்திறனை 1,600 கிலோ எடையுள்ள பழைய கமேரோவில், டர்போ எஞ்சினோடு வையுங்கள். 7,000 ஆர்.பி.எம்-மில் பவர்கிளைடு கியர் மாறும்போது, கணக்குப்படி எஞ்சின் 4,000-க்குச் சரிகிறது. கன்வெர்ட்டரின் நழுவல் இந்தச் சரிவைக் கொஞ்சம் குறைக்கும். இருந்தாலும் பள்ளம் பள்ளம்தான். டர்போவின் அழுத்தம் குறைந்தால் அந்தக் கனமான கார் மூச்சு வாங்கும். டர்போ 400-ல் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது 4,700 வரைதான் இறங்கும். எஞ்சின் சூடு ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும். முதல் கியர் மிகக் கடுமை என்றால், அதை 2.10 விகிதத்துக்கு மாற்றித் தரும் கியர் செட்டுகளும் கிடைக்கின்றன.

வார நாட்களில் ரோட்டிலும் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு '4எல்80இ' என்ற நான்கு கியர் பெட்டி. டர்போ 400-ன் வாரிசு. நான்காவது ஓவர் டிரைவ் என்பதால் ஹைவேயில் எஞ்சின் அலறாது. பவர்கிளைடு காரை நெடுந்தூரம் ஓட்டுவது காதுக்கும் பர்ஸுக்கும் தண்டனை.

என்னைக் கேட்டால், பெட்டியைவிடக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது டார்க் கன்வெர்ட்டரைத்தான். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெயைச் சுழற்றி விசையைக் கடத்தும் உருண்டை அது. கார் நின்றுகொண்டிருக்க, எஞ்சின் எந்த ஆர்.பி.எம் வரை ஏற அது விடுகிறது என்பதில்தான் புறப்பாடு இருக்கிறது. இறுக்கமாக இருந்தால் டர்போ எழவே எழாது. தளர்வாக இருந்தால் கோட்டுக்கு அருகே சக்தியெல்லாம் எண்ணெயைச் சூடாக்கவே போய்விடும். நல்ல கன்வெர்ட்டர் செய்பவர், விலை சொல்வதற்கு முன் காரின் எடை, டயர் அளவு, பின் அச்சு விகிதம், எஞ்சினின் சக்தி எந்த ஆர்.பி.எம்-மில் வருகிறது என்று வரிசையாகக் கேட்பார். கேட்காதவரிடம் வாங்காதீர்கள்.

கூடவே 'டிரான்ஸ் பிரேக்'. முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் போட்டுப் பெட்டியையே பூட்டிவிடும் தந்திரம். ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டனை விட்டதும் ரிவர்ஸ் விடுபட, கார் பாயும்.

ஆட்டோமேட்டிக்கே வேண்டாம் என்பவர்களுக்கு 'லென்கோ' உண்டு. ஒவ்வொரு கியரும் தனித்தனிப் பெட்டி. டிபன் கேரியர் அடுக்குகள் மாதிரி வேண்டிய எண்ணிக்கையில் கோத்துக்கொள்ளலாம். புறப்பட்ட பிறகு கிளட்சை மிதிக்காமலே மாற்றலாம். உச்சத்தில் இருக்கும் டாப் ஃப்யூயல் கார்களுக்கோ, 11,000 குதிரைத்திறன் இருந்தும் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. பல தட்டுகள் கொண்ட கிளட்ச் ஒன்று நழுவி நழுவி மெல்ல இறுகும். ஒரே ஓட்டத்தில் அந்தத் தட்டுகள் தேய்ந்து தீர்ந்துவிடும்; அடுத்த சுற்றுக்குப் புதுசு.

உடைந்தால் என்ன ஆகும்?

கேட்லாக்கில் பெரிய எழுத்தில் இருப்பது, 'இத்தனை குதிரைத்திறன் தாங்கும்' என்ற எண். வாங்குபவர் கேட்க வேண்டியது, தாங்காமல் போனால் என்ன ஆகும் என்பது. ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் இருக்கும் டிரம் அளவுக்கு மீறிச் சுழன்று வெடித்தால், அலுமினியக் கூட்டைக் கிழித்துக்கொண்டு டிரைவரின் கால் பக்கம் வரும். கொட்டும் எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் பட்டால் தீ. டயருக்கு அடியில் போனால் கார் கட்டுப்பாட்டை இழக்கும்.

வேகமான வகுப்புகளில் எஸ்.எஃப்.ஐ சான்று பெற்ற கவசம் கட்டாயம் என்று விதி இருப்பது இதற்காகத்தான். பெட்டியைச் சுற்றிக் கட்டும் தடித்த போர்வை ஒரு வகை. கூடே கவசமாக வார்க்கப்பட்டிருப்பது இன்னொரு வகை. எஞ்சினோடு கன்வெர்ட்டரை இணைக்கும் தட்டுக்கும் தனிக் கவசம் உண்டு. இவற்றுக்குக் காலாவதித் தேதியும் இருக்கிறது. பழைய பெட்டியைச் சல்லிசாக யாராவது கொடுக்க வந்தால், முதலில் பார்க்க வேண்டியது கவசத்தின் மேல் ஒட்டியிருக்கும் அந்த ஸ்டிக்கரில் உள்ள தேதியை. கியர்களை அப்புறம் பார்க்கலாம்.